திறமை யாருடையது?

ராயபுரத்தில் எங்கள் தெருவில் துறைமுகக் கூலி வாங்கிய கையோடு கிண்டி ரேஸுக்குப் போனவர்கள் உண்டு. பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே திரும்புவார்கள். மறுநாள் வீட்டு அண்டா சேட்டுக் கடைக்குப் போகும்.

1974-ல் கலைஞர் அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், இது சூதாட்டமல்ல, திறமை விளையாட்டு என்றது. பணம் கட்டுபவனுக்கும் கணக்குத் தெரியுமாம். கணக்குத் தெரிந்தவன் ஏன் ஐயா நடந்து வந்தான்?

2003-ல் லாட்டரியை ஒழித்த மாநிலத்தில் இது மட்டும் தப்பித்தது. 2023 அக்டோபரில் கட்டும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. இது கட்டுப்பாடா? தோற்றவன் பணத்தில் அரசுக்கும் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

குதிரைத் தொழில் பிழைக்க வேண்டுமா? பிழைக்கட்டும். ஓட்டத்தைப் பார்க்க டிக்கெட் விற்கட்டும். பந்தயம் கட்டுவதை நிறுத்தட்டும்.