களம் ஓய்ந்த பின்னர் கைகொடுப்பது கல்வியே

ஏனைய தொழில்களில் ஒருவர் காலூன்றத் தொடங்கும் வயதில், விளையாட்டு வீரர் ஓய்வுபெற நேர்கிறது. அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் பந்தை ஏந்தியவாறு எதிரணியை ஊடறுத்து ஓடும் வீரராகப் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுண், 1966ஆம் ஆண்டு ஓய்வை அறிவித்தபோது அவருக்கு வயது 30 மட்டுமே. எஞ்சிய நெடிய வாழ்வை எதைக் கொண்டு நடத்துவது என்பதே ஒவ்வொரு வீரரின் முன்னும் எழும் கேள்வியாகும்.

இக்கேள்விக்குச் சிறந்த விடையளித்தவர் யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். உயரம் பாய்தல் வீரரான அவர், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு அப்போட்டியின் முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் வென்றார். ஆயினும், அவர் பதக்கங்களுடன் நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் உயர்கல்வி கற்று, கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்க நாடுகளில் கல்விப்பணி ஆற்றினார். 2024இல் அவர் மறைந்தபோது, வீரராக மட்டுமன்றிக் கல்விமானாகவும் நினைவுகூரப்பட்டார்.

கல்முனை முதல் கோமாரி வரையான கரையோரத்தில் வேகமும் உடல்வலிமையும் கொண்ட தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்குக் குறைவில்லை. கடற்றொழிலையும் வேளாண்மையையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வெறுங்காலுடன் ஓடியே வலயமட்டத்தைத் தாண்டுகின்றனர். அத்தகைய மாணவர் போட்டிக்காகப் பாடங்களைத் தவறவிட்டால், அவற்றை மீளக் கற்பிப்பது யார்? விளையாட்டுத் திறமை உள்ளவர்களைப் பல்கலைக்கழகத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் விசேட ஏற்பாடு நம் நாட்டில் உண்டு. எனினும், உயர்தரப் பரீட்சையில் சித்தியடையாதவருக்கு அவ்வாயிலும் அடைக்கப்பட்டதே. கேடயங்கள் அலுமாரியை நிரப்பலாம், அடுப்பை எரிக்கமாட்டா.

எனவே, மாகாண மட்டப் போட்டிகளுக்குத் தெரிவாகும் மாணவர்களுக்கு, தவறிய பாடங்களை ஈடுசெய்யும் வகுப்புகளைப் பாடசாலைகள் ஒழுங்குசெய்தல் வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் விளையாட்டுக் கழகங்களும் அவர்களின் போசாக்குக்கும் பயணச் செலவுக்கும் தோள்கொடுக்கலாம். பெற்றோரும் விளையாட்டைப் படிப்பின் பகையாகக் கருதும் மனப்பாங்கைக் கைவிட வேண்டும். ஓடும் கால்கள் ஒருநாள் ஓயும். அந்த நாளுக்கான ஆயத்தத்தை, அவை ஓடிக்கொண்டிருக்கும்போதே நாம் தொடங்குதல் அவசியமாகும்.