பல்லுக்குக் கம்பி போட்ட முதல் வாரம்

தோழிகளே, நம் தோட்டப் பக்கங்களில் எத்துப்பல்லை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. பெண்பிள்ளைக்கு 13, 14 வயதாகி, “நாளைக்கு இவள யாரு கட்டுவா?” என்று உறவுக்காரர் வாய் திறந்த பிறகுதான் கம்பி போடும் எண்ணமே வருகிறது.

அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசம். ஆனால் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். ஹாலிஎலயிலிருந்து பதுளைக்கு பஸ் பயணம் பெரிதல்ல. கிளினிக் போகும் ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு பேர் போய்விடுகிறதே, அதுதான் பெரிது. ஒன்றரை, இரண்டு வருடம் இப்படிப் போய்வர வேண்டும். இவ்வளவு பட்டும் சில பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் தாய், “அவளுக்கு அக்கறை இல்ல மிஸ்” என்பார். பிள்ளை சொல்வது வேறு: “வலிக்குது மிஸ்.”

பல்லுக்கும் தாடை எலும்புக்கும் இடையில் மெல்லிய நார்ச்சவ்வு ஒன்று உண்டு. கம்பி அழுத்தும்போது அது நசுங்குகிறது. அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைய, மறுபக்கத்தில் புதிதாக வளர்கிறது. பல் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் நகர்வது இப்படித்தான். கம்பியை இறுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கி, மறுநாள் உச்சமாகி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். இதை யாரும் சொல்லாவிட்டால், இரண்டு வருடமும் இப்படியே வலிக்கும் என்றுதானே பிள்ளை நினைக்கும்?

அந்த மூன்று நான்கு நாளைக்கு ரொட்டி வேண்டாம். காலையில் நமக்கு அதுதான் என்பது தெரியும். ஆனால் கடித்து இழுத்தால் வலி கூடும், கம்பியும் பெயரும். குழைந்த சோறும் பருப்பும் கொடுங்கள், பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துக் கொடுங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். பரசிற்றமோலை வைத்தியர் சொன்ன அளவில் கொடுக்கலாம். உதட்டில் கம்பி உரசினால் கிளினிக்கில் மெழுகு கேளுங்கள். கழற்றி மாட்டும் தட்டு என்றால், வலிக்கிறதென்று நாட்கணக்கில் கழற்றி வைக்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது இன்னும் வலிக்கும், பொருந்தாமலும் போகலாம். ஒரு வாரம் கடந்தும் வலி குறையாவிட்டால் திகதி வரும்வரை இருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நினைவுக்கு வருகிறது. கம்பி போட்ட 150 பேரில் ஒரு பகுதியினருக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார்கள். இன்னொரு பகுதியினருக்கு வெறும் நன்றி மட்டும் சொன்னார்கள். மிகுதிப் பேருக்கு அழைப்பே இல்லை. அழைப்புக் கிடைத்த இரு பகுதியினருமே வலி குறைவு என்றார்கள்! ஆகவே கொழுந்துக்குப் போகுமுன் “இன்னிக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை.

கம்பி போடும் ஆசை யாருடையது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பாடசாலையில் கேலிக்கு ஆளாகி, தானே கேட்டு வந்த பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டாவது முடித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தாயின் கல்யாணக் கவலைக்காக மட்டும் கூட்டிப்போன பிள்ளைகள்தான் அதிகம் நின்றுவிடுகிறார்கள். மகள் இப்போது வேண்டாம் என்றால், பிந்திப் போடலாமா என்று பல் வைத்தியரிடம் கேளுங்கள். பல பிள்ளைகளுக்குப் போடலாம். கம்பி கழற்றிய பின்னும் ஒரு தட்டுத் தருவார்கள், சொன்ன காலம்வரை அதைப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். அதையும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.