பாட்டியின் மாட்டுப் பாட்டும் டெக்சஸ் கௌபாயும்

போன மாதம் பருவ விடுமுறைக்குக் குனோங் ராபாட் வீட்டுக்கு வந்திருந்தேன். இந்தப் பருவத்தில் உலக இசை பற்றிய ஒரு பொதுப் பாடம் எடுத்திருக்கிறேன். குலுக்கலில் எங்கள் குழுவுக்கு வந்த தலைப்பு, அமெரிக்க கௌபாய் பாடல்கள். வரவேற்பறையில் மடிக்கணினியைத் திறந்து ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டேன். பாடகர் நடுவில் குரலை உடைத்து உடைத்து ஒரு நீண்ட கூவல் கூவினார். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா இது? மாடு மேய்க்கிறவன் மாதிரி கத்துறான்."

"மாடு மேய்க்கிறவங்க பாட்டுதான் பாட்டி."

"அதானே பார்த்தேன். உங்க தாத்தாவும் இப்படித்தான் கூப்பிடுவாரு."

தாத்தா பாடுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எனக்கு ஐந்து வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தாத்தாவும் பாட்டியும் மரம் வெட்டினார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்கு வந்ததும் தாத்தாவுக்கு இரண்டாவது வேலை, மாடு. பன்னிரண்டு மாடுகள் இருந்தனவாம். ரப்பர் மர நிரைகளுக்கு நடுவே மேயவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் ஒரு பாட்டைப் பாடியே கூட்டி வருவாராம். ஒவ்வொரு மாட்டின் பெயரும் அந்தப் பாட்டில் வருமாம்.

பாட்டி மூன்று அடிகள் பாடிக் காட்டினார். நான்காவது அடி வரவில்லை. நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு, "நாளைக்கு ஞாபகம் வரும்" என்று மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார்.

அந்த நான்காவது அடிதான் என்னை இதை எழுத வைத்தது.

கூலிக்கு மாடு ஓட்டியவன்

கௌபாய் என்றால் நமக்குத் தொப்பி, குதிரை, துப்பாக்கி. 2010இல் வந்த 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, உண்மையான கௌபாய் ஒரு கூலித் தொழிலாளி. 1860களின் பிற்பகுதியில் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், டெக்சஸிலிருந்து கன்சஸ் மாநில ரயில் நிலையங்கள் வரை பெரும் மந்தைகளை மாதக்கணக்கில் ஓட்டிச் சென்றவன். மாடு அவனுடையதல்ல. நிலமும் அவனுடையதல்ல.

அவன் பாடியது பொழுதுபோக்குக்காக மட்டுமல்ல. இரவில் இடி இடித்தால் மந்தை மிரண்டு ஓடும். ஆட்களும் மிதிபட்டுச் சாவார்கள். அதனால் இரண்டு பேர் எதிரெதிர்த் திசையில் மந்தையைச் சுற்றிக் குதிரையில் மெதுவாக வந்துகொண்டே பாடுவார்கள். மனிதக் குரல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் மாடு மிரளாது. அங்கே பாட்டும் ஒரு வேலைக் கருவி. நம் பாட்டிமார்களுக்கு உளியும் வாளியும் எப்படியோ அப்படி.

முள்கம்பி வேலியும் புதிய ரயில் பாதைகளும் வந்தபிறகு அந்த நெடும்பயணம் முடிந்தது. வேலை போனதும் பாட்டும் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏனென்றால் சிலர் உட்கார்ந்து எழுதினார்கள். மாட்டுப் பண்ணைகளில் வேலை செய்த ஜாக் தோர்ப் 1908இல் நியூ மெக்சிகோவில் ஒரு சின்னப் புத்தகம் அச்சிட்டார். 1910இல் ஜான் லோமாக்ஸ் பெரிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1925இல் டெக்சஸ்காரரான கார்ல் ஸ்பிரேக் கௌபாய் பாட்டை இசைத்தட்டில் பாடினார். அதன்பிறகு வானொலியும் சினிமாவும் வந்து அந்தப் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. குனோங் ராபாட்டில் வெங்காயம் உரிக்கும் என் பாட்டி வரைக்கும்.

அதே 1910

1910 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டதும் அதே 1910இல்தான். அதற்குப் பின்னும் கங்காணிகள் வழியாக நம்மவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை அது நீடித்தது. அங்கே மாடு ஓட்டியவர்களின் பாட்டு புத்தகமாக வந்துகொண்டிருந்த காலத்தில், இங்கே காட்டை அழித்து ரப்பர் நட்டவர்களும் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஈப்போவிலிருந்து கோலகங்சார் அதிக தூரமில்லை. 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் கன்றுகளில் சில அங்கே நடப்பட்டன. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே வேலி போட்டுப் பாதுகாக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் நாங்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். மரத்துக்கு ஒரு வேலி இருக்கிறது. அந்த மரத்தை வெட்டிய கைகள் பாடிய பாட்டுக்கு என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். 'நாடு விட்டு நாடு' எழுதிய முத்தம்மாள் பழனிசாமி, 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்ற நூலையும் நமக்குத் தந்திருக்கிறார். தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடிப் போகும் தமிழ் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் வயதில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கிறோம்? தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்து ஆண்டு படித்தவள் நான். எஸ்.பி.எம்.மில் தமிழும் எடுத்தேன். பல்கலைக்கழகத்துக்கு வரும்வரை எனக்கும் அந்த நூல் தெரியாது.

எங்கள் மேடைத் தோட்டம்

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ஆண்டு எங்கள் பண்பாட்டு இரவில் 'தோட்டப்புற வாழ்க்கை' என்று ஒரு நடனம் செய்தோம். கைலி, தலைப்பாகை, பிளாஸ்டிக் வாளி, நெற்றியில் மின்விளக்கு. பின்னணியில் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. கைத்தட்டல் அள்ளியது. அந்தக் காணொளியைப் பாட்டிக்குப் பெருமையாகக் காட்டினேன்.

பாட்டி முழுவதும் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார். "பால் நெறைஞ்ச வாளியைச் சுத்திச் சுத்தி ஆடுனா, பால் கீழ ஊத்தாதா?"

நாங்கள் யாரும் ஒரு தடவைகூட அந்த வாளியைத் தூக்கியதில்லை. அதன் கனம் தெரிந்த ஒருவரிடமும் போய்க் கேட்கவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்பது, வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் நிரையில் ஓட்டமும் நடையுமாகப் போவது, மழை பெய்தால் அன்றைய கூலியும் கரைந்துபோவது, ஆயாக் கொட்டகையில் விட்டுவந்த பிள்ளையின் நினைப்பு, இவையெல்லாம் பாட்டி வாயில் பாட்டாக இருக்கின்றன. எங்கள் மேடையில் உடுப்பு மட்டும்தான் இருந்தது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1930களில் சினிமாவின் பாடும் கௌபாய்கள் வந்தார்கள். பளபளக்கும் சட்டை, கறை படாத தொப்பி. அவர்களில் புகழ்பெற்ற ராய் ரோஜர்ஸ் ஒகாயோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். மாட்டுப் பண்ணை நாடே அல்ல அது. அந்தப் பாட்டுகள் இனிமையானவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த வெள்ளித்திரையில் சிலர் காணாமல் போனார்கள். மாடு மேய்க்கும் கலையை வடக்கே கற்றுக்கொடுத்தவர்கள் மெக்சிகோவின் வக்கேரோக்கள். 'லாசோ', 'ரோடியோ', 'ராஞ்ச்' எல்லாமே ஸ்பானிய மொழியிலிருந்து வந்த சொற்கள். கறுப்பினத் தொழிலாளர்களும் பெரும் எண்ணிக்கையில் மந்தை ஓட்டினார்கள். படத்தில் கதாநாயகன் மட்டும் வெள்ளைக்காரன்.

பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டே பாடியவனை வெளியே தள்ளிவிட முடியும். எங்கள் நடனம் செய்ததும் ஏறக்குறைய அதுதான்.

இதற்கு ஒரு பதிலையும் அமெரிக்கர்களிடமே பார்த்தேன். நெவாடா மாநிலத்தின் எல்கோ என்ற சிறு நகரில் 1985இல் பண்ணைக்காரர்களும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு சந்திப்பைத் தொடங்கினார்கள். மாட்டோடு வேலை செய்கிறவர்களே மேடையேறித் தங்கள் கவிதையைச் சொன்னார்கள், தங்கள் பாட்டைப் பாடினார்கள். அந்தச் சந்திப்பு இன்னும் நடக்கிறது. நம் ஊரிலும் இப்படி ஒன்று ஏன் இருக்கக்கூடாது? பண்பாட்டு இரவில் பத்தே நிமிடம், முன்னாள் தோட்டத் தொழிலாளி ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பாடச் சொன்னால் போதும். நடனம் அதற்குப் பிறகு வரட்டும்.

அப்பாவின் கேள்வி

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "அந்த வாளியைத் தூக்கக்கூடாதுன்னுதான் உன்னைப் படிக்க வைக்கிறேன். நீ திரும்பவும் அதைத் தேடிப் போறியா?" என்றார்.

நியாயமான கேள்வி. அப்பா அந்த லயத்தில் வளர்ந்தவர். தோட்டம் கைமாறியபோது வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். மாடுகளுக்கும் இடமில்லை என்றார்கள். தாத்தா பன்னிரண்டையும் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் குனோங் ராபாட்டுக்கு வாடகை வீடு தேடி வந்தார். வந்த பிறகு அவர் பாடவே இல்லையாம். கூப்பிட மாடு இல்லாத இடத்தில் யாருக்காகப் பாடுவார்? தோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே அப்பாவுக்கு அந்த நாள்தான் நினைவுக்கு வருகிறது. அவர் வயதுக்காரர்கள் பலர் பேசாமல் இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் மறக்கவில்லை.

ஆனாலும் நான் அப்பாவோடு முழுவதும் உடன்படவில்லை. கௌபாய் வாழ்க்கையும் வறுமைதான், அவமானம்தான். அந்த வறுமையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று அங்கே யாரும் பாடவில்லை. 'எங்கள் முன்னோர் இருந்தார்கள், இப்படி உழைத்தார்கள்' என்று சொல்வதற்குப் பாடுகிறார்கள். பாட்டி பாடியவற்றில் ஒன்று, சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராத தன் மாமனுக்காகப் பாட்டியின் அம்மா பாடிய ஒப்பாரி. அந்த மாமனுக்குக் கல்லறை இல்லை, வீட்டில் ஒரு படம்கூட இல்லை. அவர் வாழ்ந்தார் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே சாட்சி அந்த ஒப்பாரி. அதையும் விட்டுவிட்டால் அவர் இரண்டாவது முறையும் காணாமல் போவார்.

இதைச் சொன்னதும் அப்பா எழுந்து வெளியே போனார். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வந்து, "செவலைன்னு ஒரு மாடு இருந்துச்சு. அந்தப் பாட்டுல அதோட பேருதான் முதல்ல வரும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நம்மால் முடிந்தது

பழைய பாட்டு இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று. 2006இல் யோகி பி & நட்சத்ரா வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் ஊரெல்லாம் ஒலித்த 'மடை திறந்து', 1980இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலை எடுத்துப் புதிதாகச் செய்ததுதான். சினிமாப் பாட்டை எடுத்து அப்படிச் செய்ய முடியுமானால், நம் பாட்டியின் குரலை எடுத்தும் செய்யலாம். உருமி மேளக் குழுக்களில் இருக்கும் தம்பிமார்களும் இதை யோசிக்கலாம். ஆனால் முதலில் அந்தக் குரல் நம் கையில் இருக்க வேண்டும்.

தோர்ப்புக்கும் லோமாக்ஸுக்கும் இல்லாத வசதி நம் எல்லாருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. கைப்பேசியை மேசைமேல் வைத்து, அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு பொத்தானை அழுத்தினால் போதும். பாட்டை மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தோட்டம், யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது என்பதையும் கேளுங்கள். நிரை, தீம்பார், ஒட்டுப்பால் போன்ற சொற்களுக்கு அவர்கள் வாயாலேயே விளக்கம் வாங்குங்கள். உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். கங்காணியைத் திட்டும் வரி வந்தாலும், கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்த கணவனை ஏசும் வரி வந்தாலும் வெட்டாதீர்கள். அழகாக இல்லாத வரிகளில்தான் அவர்கள் மனசு இருக்கும். கிடைத்த பதிவைப் பெயர், தேதியோடு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறகு பல்கலைக்கழகத் தமிழ்க் கழகங்களும் இந்திய ஆய்வியல் துறையும் சேர்ந்து அவற்றை ஓரிடத்தில் தொகுக்க முடியும். தொகுக்கச் சொல்லி நாம்தான் கேட்க வேண்டும்.

விடுமுறை முடிவதற்குள் பாட்டியிடம் ஏழு பாட்டுகள் பதிவு செய்தேன். தாத்தாவின் மாட்டுப் பாட்டில் இன்னும் மூன்று அடிகள்தான் இருக்கின்றன. பாட்டிக்கு இப்போது 79 வயது. தினமும் காலையில் தொலைபேசியில் கேட்கிறேன். "இன்னிக்கு வரல, நாளைக்குக் கேளு" என்கிறார்.

இரண்டு வருடம் முன்பே கேட்டிருந்தால் நான்காவது அடியும் கிடைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் கேட்பதற்கு இன்னும் ஆள் இருந்தால், அடுத்த விடுமுறைவரை காத்திருக்காதீர்கள்.