பயத்தில் பிறந்த சட்டங்கள்

2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி காலை, பத்தொன்பது பேர் நான்கு ஆகாய விமானங்களைக் கைப்பற்றி, அமெரிக்காவில் ஏறக்குறைய மூவாயிரம் பேரைக் கொன்றார்கள். நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் தரைமட்டமாயின. நிரபராதிகள் மீது நடந்த அக்கொடுஞ்செயலுக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆயினும், கோபுரங்களை இடித்தவர் பகைவர். அதன் பின் அந்தத் தேசம் இழந்தவற்றுள் பெரும்பாகம் தன் கையாலேயே இழந்ததென்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாம் நாளே, யுத்த அதிகாரத்தை ஜனாதிபதியிடம் ஒப்புவிக்கும் தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420. எதிர்ப்பு ஒன்றே ஒன்று. அந்த வோட்டை அளித்தவர் கலிபோர்னியாவின் பிரதிநிதியான பார்பரா லீ அம்மையார். அவருக்கு வந்த கொலை மிரட்டல்கள் கொஞ்சமல்ல. எந்தத் தேசத்தில், எத்தனை காலம் என்ற வரையறை அத்தீர்மானத்தில் இல்லை. அதைக் காட்டியே, அன்று எவரும் நினைத்திராத ஏமனிலும் சோமாலியாவிலும் பின்னர் தாக்குதல்கள் நடந்தன.

அக்டோபர் 26-ந் தேதி இன்னொரு சட்டம் அமுலாயிற்று. அதன் பெயர் 'தேசபக்தச் சட்டம்'! வேவு பார்க்கும் சட்டத்துக்கு இப்பெயர் சூட்டிய சாமர்த்தியத்தை என்னென்பது! பிரஜைகள் யாருடன் எப்பொழுது டெலிபோனில் பேசினார்கள் என்ற கணக்கைச் சர்க்கார் மொத்தமாகத் திரட்டியது, 2013-ல் ஸ்னோடன் வெளியிட்ட தஸ்தாவேஜுகளால் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தது.

இவற்றிலும் கொடியது குவாண்டானமோ. தம் நாட்டுக் கோர்ட்டுகளின் கைக்கு எட்டாதென்று எண்ணியே கியூபாத் தீவில் 2002-ல் அச்சிறையைத் திறந்தார்கள். சுமார் 780 பேர் அங்கே அடைபட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீது எக்குற்றமும் சாட்டப்படவேயில்லை. சதியின் சூத்திரதாரியென்று சொல்லப்படும் காலித் ஷேக் முகம்மது 2003-ல் பிடிபட்டான். இரகசியச் சிறையில், நீரை ஊற்றி மூச்சைத் திணறச் செய்யும் சித்திரவதையை அவனுக்கு 183 முறை செய்தார்கள். அவ்வாறு வதைக்கப்பட்டவனின் வாக்குமூலம் நியாயஸ்தலத்தில் செல்லுமா என்ற வாதத்திலேயே வருஷங்கள் கழிந்தன. இருபது வருஷமாகியும் தீர்ப்பு வரவில்லை. தேசத்தைக் காக்கவென்று செய்த கொடுமையே, மாண்டவர்களின் குடும்பங்களுக்குச் சேர வேண்டிய நியாயத்தை மறித்து நின்றது. அக்குடும்பங்களுக்குச் சர்க்கார் என்ன விடை சொல்லும்?

கோபுரங்களில் ஏறி அன்றே மாண்ட தீயணைப்பு வீரர் 343 பேர். இடிபாட்டின் புழுதியைச் சுவாசித்து நோயுற்றுப் பின்னர் மாண்ட வீரர்களின் தொகை இதனையும் மிஞ்சிவிட்டது. யுத்தத்துக்கு மூன்று நாளில் அதிகாரமளித்த சபை, இவர்களுடைய வைத்தியத்துக்கென்று ஒரு சட்டம் செய்ய 2010 டிசம்பர் வரையில் எடுத்துக்கொண்டது.