பதிவேட்டில் இல்லாத பாட்டிகள்

மசூதி முற்றத்தில் சந்தூக்கு, அதாவது சவப்பெட்டி, இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது. ஜனாஸா தொழுகைக்கு முன் இறந்தவரின் தாய் தந்தை பெயரைக் கேட்கிறார்கள். கூட்டத்தில் ஒரு பெண் சொல்கிறார்: தாய் எஸ்மா, தந்தை ஹுசெயின். அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பேத்தியால் பொறுக்க முடியவில்லை. அது பொய், பாட்டியின் தாய் இஸ்குஹி, தந்தை ஹொவானெஸ் என்று உரக்கச் சொல்லிவிடுகிறார்.

அந்தப் பேத்தி ஃபெத்தியே செத்தின், துருக்கியின் புகழ்பெற்ற வழக்கறிஞர். அது 2000ஆம் ஆண்டு. ஊருக்கெல்லாம் செஹெர் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்த அந்தப் பாட்டி, கிழக்குத் துருக்கியில் பாலு அருகே ஹவாவ் என்ற ஊரில் ஹெரானுஷ் என்ற பெயரோடு பிறந்த ஆர்மேனியச் சிறுமி. 1915இல் ஒட்டோமான் அரசு ஊரையே வெளியேற்றி சிரியப் பாலைவனத்தை நோக்கி நடக்க வைத்தபோது, வழியில் குதிரையில் வந்த ஒரு ஜெண்டார்ம் காவல்படைச் சிப்பாய் அவளைத் தாயின் கையிலிருந்து பிரித்துக்கொண்டு போனான். கொடுக்கமாட்டேன் என்றாள் தாய். நடப்பவர்களில் குழந்தைகள்தான் முதலில் சாகிறார்கள், இதுவாவது பிழைக்கட்டும் என்று மற்றவர்கள் சொல்ல, பிடி தளர்ந்தது. சிப்பாயின் பெயர் ஹுசெயின். பதிவேட்டில் தந்தையாக ஏறிய பெயர் அதுதான்.

அறுபது ஆண்டுகள் பாட்டி இதைப் பேசவில்லை. பிறகு, சட்டம் படித்துக்கொண்டிருந்த பேத்தியை ஒருநாள் அருகில் உட்காரவைத்துச் சொன்னார். அமெரிக்காவில் இருக்கும் தன் அப்பா அம்மாவைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பெற்றோர் பிழைத்திருந்தார்கள். மகள் மட்டும் துருக்கிக் கரையிலேயே நின்றுவிட்டாள்.

செத்தின் 2004இல் ‘அன்னேஅன்னெம்’, அதாவது ‘என் பாட்டி’ என்ற நூலை எழுதினார். அதில் நம்மை உலுக்கும் இடம் படுகொலைக் காட்சி அல்ல, ஒரு ரொட்டி. ஆண்டுதோறும் வசந்தத்தில், ஈஸ்டர் வரும் நாட்களில், பாட்டி வாழ்ந்த ஊரில் சில மூதாட்டிகள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்களாம். போன வீட்டில் எல்லாம் பின்னல் போட்ட இனிப்பு ரொட்டி, சோரெக், தட்டில் வரும். யாரும் எதற்கு என்று சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. தொழுகைக்குப் போகும் முஸ்லிம் பாட்டிகள்தான் எல்லோரும். மதம் போய், பெயர் போய், மொழியும் மறந்த பிறகு, பண்டிகை மட்டும் அடுப்பங்கரையில் ஒளிந்து பிழைத்திருந்தது.

வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் ஆர்மேனிய இனப்படுகொலையில் மாண்டவர்கள் பத்து லட்சம் முதல் பதினைந்து லட்சம் பேர் என்கிறார்கள். கொல்லப்படாமல் முஸ்லிம் வீடுகளுக்குள் கொண்டுபோகப்பட்ட பெண்களும் குழந்தைகளும் ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ‘வாளின் மிச்சம்’ என்று இவர்களுக்குத் துருக்கியில் ஒரு வசைப்பெயர் உண்டு. 2020 மே மாதம் அதிபர் எர்தோகனே பொது உரையொன்றில் அந்தச் சொற்களைப் பயன்படுத்தினார்.

நம் கவலை இதுதான். 1915இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர்களில் இன்று எவரும் உயிரோடு இல்லை. அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு அரசு வேலை வேண்டும், கல்யாணம் ஆக வேண்டும். கடைசிக் காலத்தில் வாய் திறந்தது பேரன் பேத்திகளிடம்தான். அந்தப் பேத்திகளே இப்போது பாட்டிகள். செத்தின் பிறந்தது 1950இல். கேட்ட காதுகளும் போய்விட்டால், இந்தச் சாட்சியம் கைமாற வேறு வழியில்லை.

காகிதம் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். 2018 பிப்ரவரியில் துருக்கி அரசு குடிமக்களின் வம்சாவளிப் பதிவுகளை இணையத்தில் திறந்துவிட்டது. மக்கள் மொய்த்ததில் சில மணி நேரத்திலேயே தளம் முடங்கியது. இத்தனை பேருக்குத் தங்கள் வேர் தெரிய வேண்டும் என்ற தவிப்பு இருப்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் ஹெரானுஷ்களைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் செஹெர்கள்தான். மதம் மாறியவரின் தந்தை பெயருக்கு எதிரே ‘அப்துல்லா’ என்று எழுதுவது அங்கே பழைய வழக்கம். இறைவனின் அடிமை என்று பொருள்படும் பெயர், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். வேடிக்கை என்னவென்றால், அரசுக்குத் தேவைப்படும்போது அதே பதிவேடு நன்றாகவே பேசும். செத்தினின் குடும்பத்துப் பையன் ஒருவனை, பாட்டியின் பதிவில் ‘மதம் மாறியவர்’ என்ற குறிப்பு இருந்ததால் ராணுவப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குத் தெரியாத ரகசியம் அரசாங்கத்துக்குத் தெரிந்திருந்தது!

பேசியவர்களுக்கு என்ன ஆனது? பாட்டியின் மரண அறிவிப்பைச் செத்தின் வெளியிட்டது ‘அகோஸ்’ என்ற ஆர்மேனிய-துருக்கிய வார இதழில். அந்தச் சின்ன விளம்பரம்தான் அமெரிக்காவிலிருந்த உறவினர்கள் வரை போய், பாட்டி ஒருமுறைகூடப் பார்த்திராத தங்கையைப் பேத்தியிடம் கொண்டுவந்து சேர்த்தது. அகோஸின் ஆசிரியர் ஹ்ராண்ட் தின்க். துருக்கிக் குடியரசை நிறுவிய அத்தாதுர்க்கின் வளர்ப்பு மகளும் துருக்கியின் முதல் பெண் போர் விமானியுமான சபிஹா கோக்சென் ஓர் ஆர்மேனிய அநாதைக் குழந்தை என்ற செய்தியை 2004இல் வெளியிட்டார். ராணுவத் தலைமையே கண்டன அறிக்கை விட்டது. தொடர்ந்து வேறு கட்டுரைக்காக, துருக்கியத்தன்மையை இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவில் அவருக்குத் தண்டனை. 2007 ஜனவரி 19 அன்று பத்திரிகை அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் அப்போது பதினேழு வயதுப் பையன், 2023 நவம்பரில் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

பழைய கதை என்று தள்ளுபவர்களுக்கு இன்னும் அண்மைய சேதி: இஸ்தான்புல்லில் 1995 முதல் இயங்கிவந்த ‘அச்சிக் ரேடியோ’ வானொலியின் உரிமம் 2024இல் பறிக்கப்பட்டு, அக்டோபரில் பண்பலை ஒலிபரப்பு நின்றது. காரணம், ஆர்மேனியர்கள் 1915ஐ நினைவுகூரும் நாளான ஏப்ரல் 24 அன்று, அவ்வாண்டு ஒலிபரப்பான நிகழ்ச்சியில் விருந்தினர் ஒருவர் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் அஜர்பைஜானில் உள்ள நாகோர்னோ-கராபாக் பகுதியிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மேனியர்கள் சில நாட்களில் வீடு வாசலைவிட்டு ஓடினார்கள். அங்கிருந்து கிளம்பிய சிறுமிகளும் ஒருநாள் பாட்டிகளாவார்கள்.

இந்தியா இன்றுவரை 1915இல் நடந்ததை இனப்படுகொலை என்று முறைப்படி ஏற்கவில்லை. இத்தனைக்கும் ஆர்மேனியர் நமக்கு அந்நியர் அல்லர். உலகின் முதல் ஆர்மேனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அச்சானது சென்னையில். அங்குள்ள ஆர்மேனியர் தெரு தமிழ் நாவில் புரண்டு அரண்மனைக்காரன் தெரு ஆகிவிட்டது. அரண்மனை எங்கே என்று தேடுபவர்கள் இன்றும் உண்டு. நம் ஊரில் பெயர் மாறியது நாக்குத் தவறியதால். அங்கே மாற்றியது வாள். குடியரசுத் துணைத் தலைவராக இருந்தபோது ஹமீத் அன்சாரி 2017இல் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் உள்ள இனப்படுகொலை நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். வளையம் வைக்கத் தெரிந்த டில்லிக்கு அந்தச் சொல் மட்டும் ஏன் தொண்டையில் சிக்குகிறது?

ஹ்ராண்ட் தின்க்கைத் தண்டித்த அந்தச் சட்டப் பிரிவைத் துருக்கி நீக்க வேண்டும். பதிவேடுகளில் மதம் மாறியவர் குறிப்புகளை அவரவர் குடும்பத்துக்குத் தடையின்றிக் காட்ட வேண்டும். உயிரோடு இருக்கும் பேரன் பேத்திகளின் வாய்மொழியைப் பதிவு செய்வோருக்குப் பாதுகாப்பு வேண்டும், அதுவும் உடனடியாக. செத்தினும் மானுடவியலாளர் அய்ஷே குல் அல்த்தினாயும் 2009இல் இப்படிப்பட்டவர்களைத் தேடிப்பிடித்து ‘தொருன்லார்’ (பேரப்பிள்ளைகள்) என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். தங்கள் பாட்டியின் உண்மைப் பெயரைச் சொல்ல முன்வந்த அவர்களில் பலர், தங்கள் சொந்தப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.