தூங்க விடுங்கள், புள்ளியைப் பிறகு அழுத்தலாம்

என் பேத்தி ஹவுஸ் சர்ஜன். போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு டூட்டிக்குப் போனவள், ஞாயிறு பகல் ஒரு மணிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, சோபாவில் அப்படியே சாய்ந்துவிட்டாள். அவள் பையிலிருந்து விழுந்த தாளை எடுத்துப் பார்த்தேன். பயிற்சி மருத்துவர்களுக்கு ‘நல்ல உறக்கத்துக்கு அக்குபிரஷர்’ என்று வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அதுவும் சாப்பாட்டு நேரத்தில்!

மணிக்கட்டு ரேகையில் சுண்டுவிரல் பக்கம் ஒரு புள்ளி, ஷென்மென் என்று பெயர். உள்ளங்கைப் பக்கமாக மணிக்கட்டிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே இன்னொன்று, நெய்குவான். காதுக்குப் பின்னால் அன்மியான். படம் போட்டு அழகாகத்தான் இருந்தது.

அக்குபிரஷரைக் கேலி செய்ய நான் வரவில்லை. என் மனைவி பத்து வருடமாக அந்த முள்ளுப் பலகையில் ஏறி நின்றுகொண்டுதான் சீரியல் பார்க்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள். பலகையால் வந்த தூக்கமா, சீரியலால் வந்த தூக்கமா என்று கேட்டு வம்பை வாங்கிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. இரவு டூட்டி முடிந்து பகலில் படுத்தால் கண் மூடாமல் புரளுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் அழுத்திப் பார்க்கட்டும், செலவும் இல்லை.

ஆனால் என் பேத்திக்குத் தூக்கம் வராத வியாதியா? நின்றுகொண்டே தூங்குகிறாள். அவளுக்கு இல்லாதது நேரம். பசியோடு வந்தவனுக்குச் சோறு போடாமல், பசி எடுக்க இஞ்சிச் சாறு கொடுத்த கதை இது.

மருந்தாளுநராக அரசு மருத்துவமனைகளில் 33 வருடம் இருந்தவன் நான். ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு சீட்டு வந்தது. டிகாக்சின் 2.5 மில்லிகிராம். இருதய மருந்து, வழக்கமான மாத்திரை 0.25. புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது, அதாவது பத்து மடங்கு. சீட்டை எடுத்துக்கொண்டு நானே வார்டுக்கு ஓடினேன். எழுதிய டாக்டரம்மா மேஜையில் தலை வைத்திருந்தார். எழுப்பிக் காட்டினேன். “சார், நானா எழுதினேன்?” என்று அழுதுவிட்டார். கெட்டிக்காரப் பெண். அன்று கவனிக்க வேண்டிய புள்ளி மணிக்கட்டில் இல்லை, சீட்டில் இருந்தது.

1984இல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்ந்து மறுநாள் காலை இறந்துபோனாள். அவள் சாப்பிட்டுவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக்கூடாத பெத்தடின் ஊசி போடப்பட்டிருந்தது. பார்த்துக்கொண்டவர்கள் பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான தகப்பனார் விடவில்லை. 1989இல் அந்த மாநிலத்தில் விதி வந்தது: வாரம் 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி, அதற்கு மேல் கூடாது.

நம் நாட்டிலும் இருக்கிறது. பயிற்சி மருத்துவர்களுக்குத் தொடர்ந்து 12 மணி, வாரம் 48 மணி என்று 1992லேயே மத்திய அரசு எழுதிவைத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் போட்ட முதுநிலைப் படிப்பு விதிகளிலோ ‘நியாயமான வேலை நேரம்’ என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மணி என்று இல்லை. அளவு எழுதாத மருந்துச் சீட்டை நான் ஒருநாளும் வாங்கியதில்லை, திருப்பி அனுப்பிவிடுவேன்.

“நாங்களும் 36 மணி நேரம் பார்த்தவர்கள்தான்” என்று என் வயது டாக்டர் நண்பர்கள் சொல்வார்கள். தெரியும் ஐயா. நீங்கள் எழுதிய சீட்டுகளும் என் கவுண்டருக்குத்தான் வந்தன.

இந்த வகுப்பை நடத்தியவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு பயிற்சி மருத்துவரும் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனார் என்று வார்டு வாசலில் தினமும் எழுதி ஒட்டுங்கள். நோயாளியின் சொந்தக்காரரும் படிக்கட்டும். மூன்று மாதம் ஒட்டிவிட்டு அக்குபிரஷர் வகுப்பு வையுங்கள், நானும் என் மனைவியும் முதல் வரிசையில் வந்து உட்காருகிறோம். பலகையையும் கொண்டுவரச் சொல்கிறேன்.