கூலிப் பதிவேடும் முத்திரைத் தராசும்

தொழிலாளர் துறை என்றவுடன் நம் சங்கத்தினரிடையே இருவகை எண்ணங்கள் எழுகின்றன. அஃது ஆலைத் தொழிலாளர்க்கே உரியது, தறிக்காரர்க்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை என நெசவாளர் கருதுகின்றனர். அபராதம் விதிப்பதற்கென்றே ஏற்பட்ட துறை அஃது என விவசாயிகள் அஞ்சுகின்றனர். இவ்விரண்டும் பிழை என்பதே நமது துணிபு. தொழிலாளிக்கு அத்துறை எவ்வளவு காவலோ, நேர்மையாக நடக்கும் முதலாளிக்கும் அவ்வளவு காவல்.

நம் உறுப்பினர் எப்பக்கத்தவர் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்போம். தறிக்குழியில் இறங்கி நெய்து கூலி பெறும்போது நெசவாளர் உழைப்பாளி. தார் சுற்றவும் பாவு தோயவும் அண்டை வீட்டாரை அமர்த்தும்போது அவரே முதலாளி. அறுவடைக்குப் பத்துப் பேரை அழைக்கும் சிறு விவசாயி, தம் வயலில் வேலையற்ற மாதங்களில் பிறர் வயலுக்குக் கூலிக்குச் செல்கிறார். ஆகவே இருதரப்பு நியாயமும் நம் வீட்டு நியாயமே.

இருதரப்புக்கும் நடுவே நிற்க எவரும் இல்லாத காலம் எவ்வாறிருந்தது என்பதற்குச் சென்னையே சான்று. 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வாடியா அவர்களைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. திரு.வி.க. அவர்களும் அதில் பெரும்பங்கு கொண்டார். பக்கிங்காம் கர்நாடிக் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள்மீது உயர்நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. 1921இல் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. தொழிலாளர் இல்லங்களில் அடுப்பு எரியவில்லை. ஆலையிலும் இயந்திரம் முழுமையாக ஓடவில்லை. இரு சாராரும் இழந்தனர். அதன்பின்னரே 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சமரச அலுவலர் இருசாராரையும் ஒரு மேசையில் அமர்த்திப் பேசவைக்கும் முறைக்கு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வழிவகுத்தது.

குறைந்தபட்சக் கூலியை எடுத்துக்கொள்வோம். அது தொழிலாளிக்கு மட்டுமே நன்மை என்பார் உளர். ஒரு சங்கம் நியாயமான கூலி கொடுத்து ஒரு சேலையை நெய்விக்கிறது. அடுத்த தெருவில் ஒருவர் கூலியில் கைவைத்து, அதே சேலையைக் குறைந்த விலைக்குச் சந்தைக்குக் கொண்டுவருகிறார். வாங்குவோர் விலையைக் காண்பாரேயன்றிக் கூலியைக் காணார். நேர்மையாளர் தோற்கிறார், நாளடைவில் அவரும் கூலியைக் குறைக்க நேர்கிறது. இதற்குமேல் தாழலாகாது என்று சட்டம் ஓர் எல்லையிட்டால், போட்டி தொழில்திறனில் நிகழுமேயன்றி ஏழையின் வயிற்றில் நிகழாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணையில் கண்ட தொழில்களுக்கே அவ்வெல்லையை வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்போ, அட்டவணை வேற்றுமையை நீக்கி எல்லாத் தொழில்களுக்கும் அதனை விரித்துள்ளது.

அத்தொகுப்பில் ஆய்வாளர்க்கு வழிகாட்டுநர் என்னும் பெயரும் சேர்ந்துள்ளது. முதலாளியிடம் குறை கண்டால் உடனே வழக்குத் தொடுத்தல் முறையன்று. திருத்திக்கொள்ளுமாறு எழுத்து மூலம் கூறி அவகாசம் தரவேண்டும். திருத்திக்கொண்டவர்மீது வழக்கில்லை. ஐந்தாண்டுக்குள் அதே தவற்றை மீண்டும் செய்பவர்க்கு அச்சலுகை இல்லை. அறியாது பிழைத்தவரையும் அறிந்தே ஏய்த்தவரையும் பிரித்துக் காணும் இம்முறையைக் கண்டு நேர்மையாளர் அஞ்ச வேண்டியது யாது?

தராசைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் எடையளவுகளைச் சோதித்து முத்திரையிடும் பணியும் இத்துறையினுடையதே என்பதைப் பலர் அறியார். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் இரும்பு எடைக்கற்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். பருத்தி மூட்டையோடு நிற்கும் விவசாயிக்கும், சிட்டத்தை நிறுத்து வாங்கும் நெசவாளர்க்கும் அம்முத்திரையைவிட உற்ற துணை வேறில்லை.

நாம் தணிக்கைக்குச் சென்ற ஒரு சங்கத்தில் கண்டதை ஈண்டுக் கூறுதல் தகும். அங்கே நெடுங்காலம் தார் சுற்றிய அம்மையார் ஒருவர், நான்கு மாதக் கூலி தமக்கு வரவில்லை என முறையிட்டார். கொடுத்தாயிற்று என்றார் செயலாளர். அவர் தீயவர் அல்லர், கொடுத்தும் இருக்கலாம். ஆயின் பதிவேட்டில் வரியில்லை, கையொப்பமில்லை. கூலி கொடுத்ததை மெய்ப்பிக்கும் பொறுப்பு, கொடுத்தவரையே சாரும் என்பது சட்டம். இறுதியில் சமரசமாகவே முடிந்தது. சங்கம் பணம் கொடுத்தது. எனினும் அம்மையார் மறுபடி அந்தப் படியேறவில்லை. அவர் பெயர் நலவாரியத்திலும் பதியப்படவில்லை என்பதை நாம் அன்றுதான் அறிந்தோம். ஒரு பதிவேடு இருந்திருப்பின் அம்மையாரும் செயலாளரும் ஒருங்கே காக்கப்பட்டிருப்பர்.

துறையிலும் குறையுண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆலைவாயிலில் நின்று ஆயிரம் பேரை ஒரே இடத்தில் காணலாம். வீடுதோறும் சிதறிக் கிடக்கும் தறிகளையும் வரப்புதோறும் நடக்கும் வேலையையும் சில அலுவலர் கண்காணித்தல் அரிது. சட்டம் நம் தெருவரை வந்து நின்றுவிடுகிறது. அதனை வீட்டுக்குள் அழைத்துச் செல்லும் கடமை சங்கத்தினுடையது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு சங்கமும் கூலிப் பதிவேடு வைத்து, கூலி பெறுவோர்க்குச் சீட்டுத் தருக. மாதக்கூலியை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் தீர்த்துவிடுக. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்னும் வழக்கத்தை நம் வயல்களினின்றும் முதலில் நாமே களைக. தராசின் முத்திரைச் சான்றினை யாவரும் காணுமாறு மாட்டுக. தகுதியுடைய நெசவாளர் அனைவரையும், அவர்க்குத் துணைநிற்போரையும் கைத்தறி நலவாரியத்தில் பதிவு செய்விக்க. ஆண்டுப் பேரவைக்குத் தொழிலாளர் துறை அலுவலரை அழைத்து, உறுப்பினர் ஐயங்களுக்கு விடை கேட்க.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு பேரேடும் சிறிது மனமும் போதும். பிறரிடம் நியாயம் கேட்கவே நம் முன்னோர் கூட்டுறவைக் கண்டனர். நம் படியேறி வரும் தார் சுற்றுவோர்க்கு அந்நியாயத்தை மறுப்போமாயின், சங்கப் பலகையில் கூட்டுறவு என்று எழுதிவைத்துப் பயன் என்ன?